பெரும்பாடும் பாட்டில் நோட்டும்

1987-இல் திசையன்விளையில் ஒரு சின்ன கிளினிக்கில் நான் உட்காரத் தொடங்கியபோது, ரத்தப்போக்கு என்று சொல்லிக்கொண்டு யாரும் வந்ததில்லை. கிறுகிறுப்பு என்று வருவார்கள். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, பதனி காய்ச்ச உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்பார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருக்கும். சீட்டை வாங்கிக்கொண்டு வாசல்வரை போவார்கள். கூட வந்த மாமியாரோ மயினியோ தள்ளி நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டு திரும்பி வருவார்கள். அப்புறம்தான் குரலைத் தணித்து, "டாக்டரம்மா, தூரம் வந்து இருவத்தஞ்சு நாளாச்சு, நிக்க மாட்டேங்கு" என்பார்கள். 

அதற்கு ஊரில் ஒரு பழைய பெயர் உண்டு: பெரும்பாடு. சித்த வைத்தியர்கள் சொல்வதும் அதுதான், வேதாகமத் தமிழில் இருப்பதும் அதுதான். பன்னிரண்டு ஆண்டு பெரும்பாட்டால் வாடி, கையிலிருந்ததை எல்லாம் வைத்தியர்களுக்குக் கொடுத்தும் குணமாகாத பெண்ணின் கதையைக் கோயிலில் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். "எனக்கு வந்திருக்கது அந்தம்மாவுக்கு வந்ததுதான்" என்று ஒருத்தி என்னிடம் சொல்லியிருக்கிறாள். பெரும்பாடு என்ற சொல் பெண் படுகிற பாட்டைச் சரியாகச் சொல்லிவிடுகிறது. எதனால் என்பதை மட்டும் அது சொல்வதில்லை. என்னுடைய இத்தனை வருஷ வேலையும் அந்த ஒரு சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பதில்தான் போயிருக்கிறது.

திசையன்விளை நெல்லை மாவட்டத்து ஊர்தான், ஆனால் தாமிரபரணி நனைத்து வளர்த்த ஊர் இல்லை. செம்மண் தேரி, பனை, முருங்கை, கொஞ்சம் தள்ளி உவரிக் கடல். ஆற்றங்கரை ஊர்களுக்குப் பாளையங்கோட்டை பக்கம். எங்களுக்கு அது பஸ்ஸில் அரை நாள் காரியம். அங்கே ஐகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி 1965-இலேயே வந்துவிட்டது. சித்த மருத்துவக் கல்லூரி அதற்கும் ஓராண்டு முந்தியது. இருந்து என்ன? பதனிக் காலத்தில் ஒருத்தி ஒரு நாள் பதனி காய்ச்சுகிற விடிலியை விட்டுப் போனால் அன்றைய பதனி புளித்துவிடும், அன்றைய கருப்பட்டி இல்லை. பீடி சுற்றுகிறவளுக்குத் தட்டை இறக்கி வைத்த நாளுக்குக் கூலி இல்லை. ஆகவே பெரியாஸ்பத்திரி என்பது நடக்க முடியாமல் போன பிறகு தூக்கிக்கொண்டு போகிற இடமாகவே இருந்தது.

என் மேஜையில் அன்று இருந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஸ்டெதஸ்கோப், ரத்த அழுத்தக் கருவி, வெந்நீரில் கொதிக்கவைத்து எடுக்கும் இரண்டு ஸ்பெகுலம், ஒரு டார்ச், சாலி குழாய் ஒன்று. இன்றைய இளம் டாக்டர்கள் பலர் சாலி குழாயைப் பார்த்திருக்க மாட்டார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தை நீர்த்த அமிலத்தில் விட்டால் பழுப்பாகும். பக்கத்துக் கண்ணாடியின் பழுப்போடு ஒத்துப்போகும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். எத்தனை கோடு ஏறியதோ அத்தனை கிராம் ஹீமோகுளோபின். வெளிச்சம் மாறினால் கணக்கும் மாறும். ஜன்னல் பக்கம் போய்த்தான் பார்ப்பேன். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 4 கிராமோடு ஒருத்தி தேரி மணலில் நடந்தே வந்ததைப் பார்த்திருக்கிறேன். வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தால் உடம்பு அதற்கும் பழகிக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லாரும், அவளே கூட, ஒன்றுமில்லை என்று இருந்துவிடுகிறார்கள்.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு ரத்தத்தில் கருவி எண்ணைக் காட்டிவிடுகிறது. ஆனால் எண் பெரிதாக மாறிவிடவில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இரும்புச் சத்து மாத்திரையை எல்லாரும் கொடுக்கிறோம். தொட்டியில் ஓட்டை எங்கே என்று கேட்காமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. ரத்தசோகைக்கு மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் "மாசாமாசம் எப்படிப் போவுது?" என்று ஒரு கேள்வி கேட்க ஒரு நிமிஷம் கூட ஆகாது.

எவ்வளவு போனால் அதிகம்? ஸ்வீடனில் ஹால்பெர்க் என்பவரும் சகாக்களும் 1966-இல் பெண்கள் பயன்படுத்திய நாப்கின்களையே வாங்கி அளந்து, ஒரு மாதவிடாய்க்கு 80 மில்லியைத் தாண்டினால் அதிகம் என்று வகுத்தார்கள். பழைய சேலையைக் கிழித்து மடித்து, அலசிக் காயவைத்துத் திரும்பக் கட்டுகிற ஊரில் அந்த அளவு எதற்கும் உதவாது. நான் கேட்கக் கற்றுக்கொண்ட கேள்விகள் வேறு. ராத்திரி எழுந்து துணி மாற்றுகிறாயா? கட்டி கட்டியாக விழுகிறதா? பாயில் படுகிறதா? அந்த நாட்களில் கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கிறாயா? கடைசிக் கேள்விக்குத்தான் கண் கலங்கும். உலகம் இப்போது மில்லிக் கணக்கை விட்டுவிட்டு, அவள் வாழ்க்கையை அது கெடுக்கிறதா என்பதையே அளவாக வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் தேரிக்காட்டுப் பெண்கள் முந்திக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன்.

முதலில் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும், அது அன்றும் இன்றும் மாறாத விதி. நாள் தள்ளிப்போய் லேசாகப் படுகிறது, ஒரு பக்கம் வலிக்கிறது என்றால் கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம், அது வெடித்தால் உயிர் போகும். அன்று அதைக் கேட்டும் தொட்டும்தான் ஊகிக்க முடிந்தது. "கர்ப்பமா இருக்க வாய்ப்பிருக்கா?" என்று கேட்டால் மாமியார் முன்னால் என்ன பதில் வரும்? இன்று அரசு நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிற சிறுநீர்ப் பட்டை ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுகிறது. என் காலத்தில் வந்த மாற்றங்களில் விலையில் மிகச் சின்னதும் பலனில் மிகப் பெரியதும் எது என்று கேட்டால் இந்தப் பட்டையைத்தான் காட்டுவேன்.

அடுத்தது ஸ்பெகுலம். அதன் வளைந்த வகை பிறந்த கதை மனசைப் பிசைகிற கதை. 1845 வாக்கில் அமெரிக்காவின் அலபாமாவில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் ஒரு கரண்டியின் காம்பை வளைத்து முதலில் பார்த்தார். அவர் அறுவை பழகியது கறுப்பின அடிமைப் பெண்களின் உடம்பில், மயக்க மருந்து கொடுக்காமல். அனார்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. வெந்நீரிலிருந்து அதை எடுத்து ஆறவைக்கும்போது அவர்களை நினைத்துக்கொள்வேன். இரண்டாயிரம் ரூபாய் ஸ்கேன் சொல்லாததை அந்த வளைந்த தகடும் ஒரு டார்ச்சும் சொல்லும். ரத்தம் கருப்பையின் உள்ளிருந்து வருகிறதா, கருப்பை வாயிலிருந்தா, வெளிப்புண்ணிலிருந்தா? வாயில் சதை தொங்குகிறதா? இதையெல்லாம் கண்ணால் பார்த்துவிடலாம்.

வந்த முதல் வருஷமே ஒரு அம்மாவைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவர். மாதவிடாய் நின்று மூன்று வருஷம் கழித்து மறுபடியும் படத் தொடங்கியிருக்கிறது. "வயசு திரும்புது போல" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். இவருக்கும் கொஞ்சம் சந்தோஷம். எட்டு மாதம் அப்படியே விட்டிருக்கிறார். கருப்பை வாயில், தொட்டால் உதிர்ந்து ரத்தம் விடுகிற புற்று. பாளையங்கோட்டைக்கு அனுப்பினேன். அடுத்த பனைக் காலத்தை அவர் பார்க்கவில்லை. நின்ற தீட்டு மறுபடி பட்டால், அது ஒரே ஒரு சொட்டாக இருந்தாலும், புற்று இல்லை என்று தெரியும்வரை புற்று என்றே எடுத்துக்கொண்டு தேட வேண்டும். கணவனோடு சேர்ந்த பிறகு படுவதும் அப்படியே. இந்த இரண்டையும் சுவரெழுத்தாக ஊருக்கு ஊர் எழுதிப் போட வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

இதில் தமிழ்நாட்டுக்கு உலகம் அறிந்த ஒரு பங்கு இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கி, செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தை (வினிகர்தான்) கருப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் கழித்து வெண்திட்டு தெரிகிறதா என்று பார்க்க வைத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்களைப் பார்த்த அந்த ஆய்வை சங்கரநாராயணனும் சகாக்களும் 2007-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றால் வரும் சாவு 35 விழுக்காடு குறைந்திருந்தது. அதே 2007-இல் தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு இதை முன்னோடியாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. மின்சாரம் வேண்டாம், ஆய்வகம் வேண்டாம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: வினிகர்ச் சோதனை தொந்தரவு ஒன்றும் இல்லாத பெண்களுக்கானது. ரத்தம் விடுகிற வளர்ச்சி கண்ணுக்கே தெரிந்தால் வினிகர் தடவிக்கொண்டிருக்காமல் அங்கேயே துளி சதை எடுத்து அனுப்ப வேண்டும்.

சதை எடுத்து அனுப்புவது. இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும்.

டி அண்ட் சி என்ற சிறு அறுவையை எங்கள் ஊரில் யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. "கழுவி விடுதது" என்பார்கள், இப்போது "கிளீன் பண்ணுதது". மயக்கம் கொடுத்து, கருப்பை வாயை விரித்து, உள் சவ்வைச் சுரண்டி எடுப்பது அது. சுரண்டியதும் ரத்தம் சில மாதம் அடங்கும். ஆகவே கழுவியது குணமாக்கிவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். டாக்டர்களில் பலரும் அப்படியே பேசினார்கள். ஆனால் சுரண்டுவதன் உண்மையான பயன் சுரண்டிய சதையில்தான் இருக்கிறது. சவ்வு வெறுமனே தடித்திருக்கிறதா, தப்பான வழியில் வளர்கிறதா, புற்றா, காசநோயா என்பதை மைக்ராஸ்கோப் சொல்லும். கழுவினோம் என்ற சொல் அந்தச் சதையை அழுக்காக்கிவிட்டது. அழுக்குக்கு யாராவது ரிசல்ட் கேட்பார்களா?

எடுத்த சதையை ஃபார்மலின் ஊற்றிய சின்ன பாட்டிலில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, வீட்டுக்காரர் கையில் கொடுத்து அனுப்புவோம். அவர் பஸ் ஏறிப் பாளையங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ கொடுக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி போய் வாங்க வேண்டும். ஃபார்மலின் தீர்ந்து போனால் தண்ணீரிலோ சலைனிலோ போட்டு அனுப்பியவர்களும் உண்டு. அந்தச் சதை போய்ச் சேரும்போது அழுகியிருக்கும்.

நான் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. நாற்பத்தாறு வயதுப் பெண், கனத்த உடம்பு, சர்க்கரை வியாதி, ஒரு வருஷமாக ஒழுங்கில்லாத ரத்தப்போக்கு. சதை எடுத்தேன், பாட்டிலை அவருடைய கணவரிடம் கொடுத்தேன். ரத்தம் நின்றது. அவர்கள் வரவில்லை. நானும் தேடவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து வந்தபோது கருப்பையின் உள் சவ்வில் தோன்றிய புற்று வெளியே பரவியிருந்தது. அந்த மனிதர் பாட்டிலை எங்கே விட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? அதை அவர் கையில் கொடுத்தபோது, அதற்குள் இருப்பது அவருடைய மனைவியின் உயிர் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "டெஸ்டுக்குக் கொடுத்திருங்க" என்று மட்டும்தான் சொன்னேன். தப்பு என்னுடையது.

அந்த வாரமே ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினேன். பலசரக்குக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த மாதிரி. ஐந்து கட்டம்: யார், என்றைக்குச் சதை எடுத்தது, யார் கையில் போனது, என்றைக்கு ரிசல்ட் வந்தது, யாரிடம் சொன்னது. கடைசிக் கட்டம் நிரம்பாத பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. வாரம் ஒருமுறை சிவப்புக் கோட்டுப் பெயர்களுக்குக் கடிதாசி போடுவோம், அல்லது அந்த ஊர் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்புவோம். கிளினிக்கில் அதற்குப் பாட்டில் நோட்டு என்று பெயர் விழுந்தது. என்னிடம் இருந்த கருவிகளில் அதைவிட நல்ல கருவி இன்றுவரை இல்லை.

இன்று மயக்கமே கொடுக்காமல், உறிஞ்சுகுழல் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு, கையால் இழுக்கிற உறிஞ்சியால் சதை எடுத்துவிடுகிறோம். தியேட்டரோ மின்சாரமோ தேவையில்லை, அரை மணி நேரத்தில் அவள் எழுந்து போய் மத்தியானச் சோறு ஆக்கலாம். நாற்பது, நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணுக்கு ஒழுங்கில்லாத ரத்தப்போக்கு என்றால் இதைச் செய்யாமல் மாத்திரை மட்டும் எழுதக் கூடாது. வயது குறைவானாலும் கனத்த உடம்பும் சர்க்கரையும் இருந்தால் செய்ய வேண்டும். முன்பு நான் பார்த்த புற்றுகளில் கருப்பை வாய்ப் புற்றுதான் மிகுதி. இப்போது உள் சவ்வுப் புற்றும் அதற்கு முந்திய தடிப்பும் என் அறைக்கு அடிக்கடி வருகின்றன. தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோடு இருக்கிறார்கள் என்று முன்பு சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. உடம்புக் கொழுப்பில் ஊறுகிற ஈஸ்ட்ரோஜன் அந்தச் சவ்வுக்கு ஓயாமல் உரம் போடுகிறது. மெலிந்து வெளுத்த பெண்களையே பார்த்துப் பழகிய என் கண், பார்வைக்கு நன்றாக இருக்கிற பெண்ணிடமும் சந்தேகப்படக் கற்றுக்கொள்ள நாள் பிடித்தது.

ஸ்கேன் வந்தது எங்கள் பக்கத்துக்குப் பெரிய வெளிச்சம். கிளாஸ்கோவில் அயன் டொனால்ட் 1958-இல் எழுதிய முதல் கட்டுரையிலேயே, புற்று முற்றிவிட்டது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது வெறும் நீர்க்கட்டி என்று கண்டுபிடித்துக் காப்பாற்றிய சேதி இருக்கிறது. அதே மாதிரி உயிர் தப்பியவர்களை நானும் கண்டேன். இரண்டு விரலால் தொட்டு, பன்னிரண்டு வாரக் கர்ப்பம் அளவு இருக்கிறது, கட்டியா தசைவீக்கமா என்று கண்ணை மூடிக்கொண்டு யோசித்த காலம் போயிற்று. மாதவிடாய் நின்றவளுக்கு ரத்தம் பட்டால் உள் சவ்வின் தடிப்பு 4 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்த்து ஓரளவு ஆறுதல் சொல்ல முடிகிறது. கருவின் பால் பார்ப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டத்தால் ஸ்கேன் கருவியைப் பதிவு செய்த இடத்தை விட்டுத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போக முடியாது. அந்தக் கட்டுப்பாட்டின் நியாயம் எனக்குப் புரிகிறது, அதில் மாற்றுக் கருத்து இல்லை.

என் மனக்குறை வேறு. ஸ்கேன் வந்ததும் கேள்வி நின்றுவிட்டது. பெண்கள் இப்போது கையில் ஃபைலோடு வந்து, "கெர்ப்பப்பையில கட்டி இருக்காம், எடுக்கணும்னு சொல்லிட்டாவ" என்கிறார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை படுகிறது என்று யாரும் கேட்கவில்லை, ஸ்பெகுலம் போட்டு யாரும் பார்க்கவில்லை. நாற்பது வயதுப் பெண்களைப் பிடித்து ஸ்கேன் செய்தால் பலருக்கும் ஏதாவது ஒரு தசைக்கட்டி இருக்கும். அது கருப்பையின் வெளிப்பக்கமாக இருந்தால் எலுமிச்சை அளவு இருந்தாலும் ரத்தப்போக்குக்குப் பெரும்பாலும் சம்பந்தமில்லை. உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் சுண்டைக்காய் அளவே போதும். அந்த வித்தியாசத்தைக் கேட்காமல் கருப்பையை எடுத்துவிடுகிறார்கள்.

எடுக்கச் சொல்லிப் பெண்களே வருவதும் உண்டு. "பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு, எடுத்துப் போட்டிருங்க" என்பார்கள். பீடித் தட்டின் முன்னால் கால் மடக்கி உட்கார்ந்து சுற்றுகிறவளுக்கு மாதத்தில் பத்து நாள் போனால் வட்டி கட்ட முடியாது. அவள் களைத்துப் போய்க் கேட்கிறாள். சிலருக்கு எடுப்பதுதான் சரி, நானே எடுத்திருக்கிறேன். ஆனால் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 13,000 பேருக்கு மேல் கருப்பை எடுக்கப்பட்டவர்கள் என்ற உண்மை 2019-இல் வெளிவந்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. கூலி போகக் கூடாது என்பதற்காக எடுத்தது. மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில், தேவையில்லாத கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நாட்டில் கருப்பை எடுக்கப்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் காரணமாகச் சொன்னது அதிக ரத்தப்போக்கையும் வலியையும்தான். பெரும்பாடு என்பதே காரணமாகிவிட்டது, பாருங்கள். பெரும்பாட்டுக்கு என்ன காரணம் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

2011-இல் உலக மகப்பேறு மருத்துவர் சம்மேளனம் காரணங்களை ஒன்பதாகப் பகுத்து, அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'பாம்–கோயின்' என்று பெயரிட்டது. பாம் என்றால் பனை. தேரிக்காட்டில் இருந்துகொண்டு அதை முதன்முதலில் படித்தபோது, எங்களுக்கென்றே வைத்த பெயர் போலப் பட்டது. பனைப் பக்கத்து நான்கும் கண்ணுக்கோ ஸ்கேனுக்கோ மைக்ராஸ்கோப்புக்கோ தெரிகிறவை: தொங்கு சதை, தசைக்குள் ஊடுருவிய சவ்வு, தசைக்கட்டி, புற்றும் அதன் முன்னோடியும். மற்ற ஐந்து எந்தப் படத்திலும் விழாது: ரத்தம் உறையாமை, முட்டை வெளிப்படாத கோளாறு, சவ்வின் தனிக் கோளாறு, நாம் கொடுத்த மருந்தாலும் கருவியாலும் வருவது, இன்னும் வகைப்படாதது. அந்த ஐந்துக்கும் வாய் திறந்து கேட்டாக வேண்டும்.

நாம் கொடுத்ததால் வருவதை எங்கள் தலைமுறை நன்றாகவே அறியும். 1965-இல் நாடு முழுக்க 'லூப்' என்ற கருத்தடைக் கருவி வந்தது, பிறகு காப்பர்-டி. மாட்டிக்கொண்ட பெண்ணுக்கு அதிகம் போனால் கருவியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இப்போது மும்பையிலோ வளைகுடாவிலோ மகன் வாங்கித் தந்த இதய மாத்திரையில் ரத்தத்தை நீர்க்கவைக்கும் மருந்து இருக்கும். பையை மேஜையில் கொட்டச் சொல்லிப் பார்ப்பேன். தைராய்டு குறைந்தாலும் அதிகம் போகும். அதைப் பார்க்க அன்று ரத்தத்தை வெளியூர் அனுப்பினோம், இன்று பஜாரிலேயே பார்க்கிறார்கள். 

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நின்று பேச வேண்டும். சடங்கான பிறகு முதல் இரண்டு மூன்று வருஷம் முட்டை ஒழுங்காக வெளிப்படாது. இரண்டு மாதம் வராமல் இருந்து பத்து நாள் கொட்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தானே சரியாகிவிடும். ஆனால் முதல் மாதத்திலிருந்தே பெருக்காக, ரத்தசோகை வரும்வரை போகிற பிள்ளைகளில் சிலருக்குப் பிறவியிலேயே ரத்தம் உறைவதில் குறை இருக்கும். பின்லாந்தின் ஓலாந்து தீவில் ஹியோர்டிஸ் என்ற சிறுமியின் குடும்பத்தைப் பார்த்துத்தான் எரிக் ஃபான் வில்லிபிராண்ட் 1926-இல் அப்படி ஒரு நோயை எழுதினார். அந்தப் பிள்ளை தன் நான்காவது மாதவிடாயில் ரத்தம் போயே இறந்தது. அத்தை மகனையும் தாய்மாமனையும் கட்டுகிற நம் ஊரில் இப்படிப்பட்ட குறைகள் கூடிவர வழி அதிகம்.

அதற்கான நுட்பமான சோதனை திசையன்விளையில் இல்லை. கேள்விகள் இருக்கின்றன. பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்க எவ்வளவு நேரமாயிற்று? மூக்கில் வருகிறதா? இடித்துக்கொள்ளாமலே கன்றிப்போகிறதா? காது குத்தியபோது என்ன ஆயிற்று? இந்தக் கடைசிக் கேள்விக்கு அம்மாவுக்குத் தெரியாவிட்டாலும் ஆச்சிக்குத் தெரிந்திருக்கும். நாலில் இரண்டுக்கு ஆமாம் என்று வந்தால் அந்தப் பிள்ளையை வேலூருக்கு அனுப்பத் தயங்குவதில்லை. ரத்தத்தை அடக்க டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை இருக்கிறது. ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி 1962-இல் கண்டது, இன்று எல்லா மருந்துக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. லக்னோ ஆய்வகம் உண்டாக்கிய சென்ட்குரோமன், முதலில் கருத்தடைக்காக வந்த அந்த மாத்திரை, காரணம் தெரிந்த பல பெரியவர்களின் கருப்பையைக் கத்தியிலிருந்து காத்திருக்கிறது.

போன மாதம் ஒரு அம்மாளும் மகளும் வந்திருந்தார்கள். அம்மாளுக்கு நாற்பத்தெட்டு, பீடி சுற்றுகிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அம்மாவின் ஏழு மாதத் தேதிகளை மகள் தன் ஃபோனில் சிவப்புப் புள்ளிகளாகக் குறித்து வைத்திருந்தாள். எத்தனை நாள், எத்தனை நாப்கின், எந்த நாளில் கட்டி. முப்பது வருஷம் முன்பு அரை மணி நேரம் கேட்டாலும் எனக்குக் கிடைக்காத கணக்கு. ஸ்பெகுலம் போட்டுப் பார்த்தேன், சதை எடுத்தேன், பாட்டிலில் போட்டு மூடினேன். கூரியர் பையன் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வான்.

நோட்டைத் திறந்து பெயர் எழுதும்போது அம்மாள் எழுந்து வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். இது பதினோராவது நோட்டு. எழுதுவதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் விரலை வைத்துக் காலியாக இருந்த நாலாவது கட்டத்தைக் காட்டினார்.

"இதுல எப்போ எழுதுவிய, டாக்டரம்மா?"

"ரிசல்ட் வந்த அன்னைக்கும்மா. பத்து நாள் ஆகும்."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "பதினோராம் நாளு நாமளே வந்து கேக்கணும்ட்டீ. ஃபோன்ல குறிச்சு வையி."